மெழுகுதிரி வலுவும் லக்ஸும்: பழைய ஒளி அலகுகளை வாசிப்பது எவ்வாறு?

மின்சாரம் எட்டாத ஊர்களில் கலியாண வீடானாலும், கோயில் திருவிழாவானாலும், பள்ளிவாசல் கந்தூரியானாலும் பெற்றோமக்ஸ் விளக்கு இல்லாத இரவு இருந்ததில்லை. அதைக் கொளுத்தத் தெரிந்தவர் ஊரில் ஒருவரோ இருவரோதான். அவர் வந்து, காற்றடித்து, மென்டில் வெண்ணிறமாகச் சுடர்விடும் வரை சிறுவர்கள் சுற்றி நின்று பார்த்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜேர்மனியில் உருவான அவ்விளக்கின் பெயர்பெற்ற மாதிரி ஒன்று '500 எச்.கே.' என்ற குறிப்புடன் விற்பனையானது. ஐந்நூறு என்பது விளங்குகிறது. எச்.கே. என்பது யாது? 'ஹெப்னர் கெர்ட்ஸே' என்ற ஜேர்மன் சொற்களின் சுருக்கமே அது. தமிழில் ஹெப்னர் மெழுகுதிரி எனலாம்.

இன்று நாம் வாங்கும் எல்.ஈ.டி. மின்குமிழின் பெட்டியில் மெழுகுதிரி இல்லை. அங்கே லூமன் என்றும் வாற்று என்றும் எழுதப்பட்டுள்ளது. பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ ஒளியமைப்புத் திட்டமிடும் பொறியியலாளர் லக்ஸ் என்ற அலகில் பேசுகிறார். பிரித்தானிய அளவுகளில் எழுதப்பட்ட பழைய நூல்களிலோ 'புட் கண்டில்', அதாவது அடி-மெழுகுதிரி என்ற அலகு காணப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் அது இன்றும் வழக்கிலுள்ளது. இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு அட்டவணையைப் பார்த்து ஓர் எண்ணால் பெருக்கினால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அட்டவணை பிழையன்று. ஆயின் பெருக்குவதற்கு முன்னர் இரண்டு கேள்விகளுக்கு விடை காணாவிட்டால், சரியாகப் பெருக்கியும் பிழையான விடையே கிடைக்கும். அளக்கப்பட்டது எது என்பது முதற் கேள்வி. யாருடைய மெழுகுதிரி என்பது இரண்டாவது.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். மேசை மீது ஒரு மெழுகுதிரி எரிகிறது, அதன் அருகே ஒரு புத்தகம் விரிந்து கிடக்கிறது என வைத்துக்கொள்வோம். குறித்த ஒரு திசையில் சுடர் எவ்வளவு வலுவாக ஒளி வீசுகிறது என்பது ஓர் அளவு. பழைய காலத்தில் அதை மெழுகுதிரி வலு என்றனர், இன்று கண்டெலா என்கின்றனர். எல்லாத் திசைகளிலும் சேர்த்துச் சுடர் வெளியிடும் மொத்த ஒளி இன்னோர் அளவு. அதுவே லூமன். புத்தகத்தின் பக்கத்தில் வந்து விழும் ஒளி மூன்றாவது அளவு. லக்ஸ், அடி-மெழுகுதிரி, போட் என்பன அதற்குரியவை. ஒரு கண்டெலா வலுவுடைய சுடர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளி வீசுமாயின் அதன் மொத்த ஒளி 12.57 லூமன் ஆகும். அதே சுடரிலிருந்து ஒரு மீற்றர் தூரத்திலுள்ள பரப்பில் விழும் ஒளி ஒரு லக்ஸ். தூரம் தெரியாமல் மெழுகுதிரி வலுவை லக்ஸாக மாற்ற எந்த அட்டவணையாலும் இயலாது. விளக்கு ஒன்றுதான். புத்தகத்தைச் சற்று நகர்த்தினால் லக்ஸ் மாறிவிடுகிறது.

இரண்டாவது கேள்வியான யாருடைய மெழுகுதிரி என்பது வரலாறு சார்ந்தது. அது சுவையான வரலாறுந்தான்.

ஒளியின் இயல்பை ஆராய்ந்தோர் பழங்காலம் முதலே இருந்துள்ளனர். பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே இருட்டறையின் சிறு துவாரத்துக்கு முன்னால் பல விளக்குகளை வைத்து, ஒன்றின் ஒளி மற்றொன்றின் ஒளியுடன் கலந்து குழம்புவதில்லை எனக் காட்டினார். ஆயினும் ஒளியை எண்ணால் அளக்கும் முயற்சி 18ஆம் நூற்றாண்டிலேயே உறுதி பெற்றது. பிரான்ஸைச் சேர்ந்த பியர் பூகேர் மெழுகுதிரியின் ஒளியை இடைநிலை ஒப்பீடாகக் கொண்டு, சூரிய ஒளி முழுநிலவின் ஒளியைப் போல் சுமார் 300,000 மடங்கு எனக் கணித்தார். இன்றைய மதிப்பு ஏறக்குறைய 400,000 மடங்கு. கண்ணையும் மெழுகுதிரியையும் மாத்திரம் கொண்டு அவர் இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியது.

விஞ்ஞானிகளுக்கு அது போதுமாயிருந்தது. வியாபாரத்துக்குப் போதவில்லை. 19ஆம் நூற்றாண்டு இலண்டனில் வீதிகளும் வீடுகளும் எரிவாயு விளக்கால் ஒளி பெற்றன. மக்கள் பணம் கொடுத்தது வாயுவின் கனவளவுக்கு, அவர்களுக்கு வேண்டியிருந்ததோ வெளிச்சம். தரங்குறைந்த வாயு அதே கனவளவில் மங்கலாக எரியும். எனவே வாயுவின் ஒளிதரும் திறனைச் சட்டத்தால் வரையறுக்க வேண்டியதாயிற்று. 1860ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாநகர எரிவாயுச் சட்டம் அதற்கு ஓர் அளவுகோலைக் குறித்தது. திமிங்கிலத்தின் தலையிலிருந்து பெறப்படும் மெழுகினால் செய்யப்பட்டு, ஆறு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறையுள்ளதாய், மணித்தியாலத்துக்கு 120 கிறெயின், அதாவது சுமார் 7.8 கிராம் வீதம் எரியும் திரியே அந்த அளவுகோல். ஒரு மாநகரத்தின் வெளிச்சக் கணக்கு முழுவதும் திமிங்கில வேட்டையில் தங்கியிருந்தது என்றால் இன்று நம்புவது கடினம்.

சோதனை செய்த விதம் எளியது. வெள்ளைக் கடதாசியின் நடுவில் எண்ணெய்ப் பொட்டு ஒன்று இடப்படும். அக்கடதாசி ஒரு பக்கம் மெழுகுதிரிக்கும் மறுபக்கம் வாயுச் சுடருக்கும் இடையில் முன்னும் பின்னும் நகர்த்தப்படும். இருபுறமும் ஒளி சமமாகும் இடத்தில் பொட்டு கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். பின்னர் இரண்டு தூரங்களையும் அளந்து, அவற்றின் வர்க்கங்களை ஒப்பிட்டால் வாயுச் சுடர் எத்தனை மெழுகுதிரிக்குச் சமம் என்பது தெரியும். ஜேர்மன் விஞ்ஞானி பன்சனின் பெயரால் வழங்கும் இம்முறையை வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கலாம்.

குறை அளவுகோலில்தான் இருந்தது. திரி சற்று வளைந்தாலும், மெழுகின் கலவை மாறினாலும், அறையில் காற்று அசைந்தாலும் சுடர் வேறுபட்டது. பிரான்ஸில் மணித்தியாலத்துக்கு 42 கிராம் கடுகின எண்ணெய் எரிக்கும் கார்செல் விளக்கு நியமமாகக் கொள்ளப்பட்டது. அது ஏறக்குறைய பத்து மெழுகுதிரிக்குச் சமமானது. ஜேர்மனியில் பிரெட்ரிக் ஹெப்னர் அல்டனெக் என்ற பொறியியலாளர் 1884இல் மெழுகைக் கைவிட்டு, வாழைப்பழ மணமுடைய அமைல் அசற்றேற்று என்ற திரவத்தை எரிக்கும் விளக்கொன்றை அமைத்தார். சுடரின் உயரம் சரியாக 40 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். எவரும் எங்கும் அதைச் செய்துகொள்ள முடிந்தமையால் அது வெற்றி பெற்றது. பெற்றோமக்ஸ் விளக்கின் எச்.கே. இந்த விளக்கையே குறிக்கின்றது.

1909இல் பிரித்தானியா, பிரான்ஸ், ஐக்கிய அமெரிக்கா ஆகிய மூன்றும் 'சர்வதேச மெழுகுதிரி' என்ற பொது அலகுக்கு உடன்பட்டன. ஜேர்மனி தன் ஹெப்னரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு ஹெப்னர், சர்வதேச மெழுகுதிரியின் பத்தில் ஒன்பது பங்கே. 1948இல் கூடிய நிறைகள், அளவைகள் பற்றிய பொது மாநாடு இவ்வேறுபாடுகளை ஒழித்துக் கண்டெலா என்ற பெயரை ஏற்றது. அப்போது அது உறைநிலையிலுள்ள பிளாற்றினத்தின் வெப்பநிலையில் ஒளிரும் கரும்பொருளைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. 1979இல் பிளாற்றினமும் கைவிடப்பட்டது. மனிதக் கண் மிகக் கூர்மையாக உணரும் பச்சை ஒளியில், ஒரு வாற்றுக்கு 683 லூமன் என்ற எண்ணே இன்று அடிப்படை. ஆயினும் மூன்று தடவை மாறிய இவ்வரையறைகளுக்குப் பின்னாலும், ஒரு கண்டெலா இன்னமும் ஒரு சாதாரண மெழுகுதிரியின் வலுவாகவே இருக்கின்றது. பழைய அளவீடுகள் பயனற்றுப் போகாதிருக்க வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் எண் பொருத்தப்பட்டது.

இதனால் பழைய எண்ணை இன்றைய எண்ணாக்குவோர் பின்வருமாறு கணிக்கலாம். சர்வதேச மெழுகுதிரி 1.02 கண்டெலாவுக்குச் சமம். நடைமுறைத் தேவைகளுக்கு அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஹெப்னர் மெழுகுதிரி ஏறக்குறைய 0.9 கண்டெலா. பத்து வீதக் குறைவை அவ்வாறு தள்ளிவிட முடியாது. இங்கே ஒரு பொறியும் உண்டு. பழைய ஜேர்மன் நூல்களில் 'லக்ஸ்' என்ற சொல்லே ஹெப்னரின் அடிப்படையில் வழங்கியது. ஆகவே 1930ஆம் ஆண்டின் ஜேர்மன் அறிக்கை ஒன்றில் 100 லக்ஸ் என இருந்தால் அது இன்றைய 90 லக்ஸே. பெயர் ஒன்றாயிருப்பதால் மாற்ற வேண்டும் என்ற எண்ணமே எழாது.

மேற்பரப்பில் விழும் ஒளிக்கு வருவோம். ஒரு மெழுகுதிரியிலிருந்து ஓர் அடி தூரத்தில் கிடைக்கும் வெளிச்சமே அடி-மெழுகுதிரி. ஒரு சதுர மீற்றரில் 10.764 சதுர அடிகள் இருப்பதால் ஓர் அடி-மெழுகுதிரி 10.764 லக்ஸ் ஆகிறது. மனக்கணக்குக்குப் பத்தால் பெருக்கிச் சிறிது கூட்டினால் போதும். சதுர சென்ரிமீற்றரை அடிப்படையாகக் கொண்ட போட் என்ற அலகு 10,000 லக்ஸ். அன்றாட வெளிச்சத்துக்கு அது மிகப் பெரிது. நண்பகல் வெயிலே சுமார் 100,000 லக்ஸ், அதாவது பத்துப் போட்தான். அதனால் அதன் ஆயிரத்திலொரு பங்கான மில்லிபோட், பத்து லக்ஸ், வழக்கில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால இருட்டடிப்பின்போது ஜேர்மனியர் லக்ஸின் ஆயிரத்திலொரு பங்குக்கு 'நொக்ஸ்' எனப் பெயரிட்டனர். முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவினது. நொக்ஸில் 250.

இவ்வலகுகளுள் அடி-மெழுகுதிரிக்குத் தனிச் சிறப்பு உண்டு. அது வெறும் எண்ணன்று, ஒரு காட்சி. மெழுகுதிரியை ஓர் அடி தள்ளி வைத்து ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி எமக்குப் புதிதன்று. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தபோது ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய்யும் திரியும் இட்டுச் செய்த விளக்கின் முன்னிருந்தே ஒரு தலைமுறை மாணவர் படித்துப் பரீட்சை எழுதினர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, குப்பி விளக்குகளும் மெழுகுதிரிகளும் நகர வீடுகளிலும் மீண்டும் தலைகாட்டின.

அத்தகைய சிறுசுடர் ஏறக்குறைய ஒரு கண்டெலா வலுவுடையது என வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மீற்றர் தூரத்தில் புத்தகத்துக்குக் கிடைப்பது ஒரு லக்ஸ். அரை மீற்றரில் நான்கு லக்ஸ். ஓர் அடியில் சுமார் 11 லக்ஸ். அரை அடியில் 43 லக்ஸ். இன்று வாசிப்புக்கும் எழுத்துக்கும் பரிந்துரைக்கப்படுவது 300 முதல் 500 லக்ஸ் வரை. தூரத்தைப் பாதியாக்கினால் ஒளி நான்கு மடங்காகும் என்ற விதியைப் பௌதிகப் பாடத்தில் படிக்குமுன்னரே பிள்ளை உடலால் கற்றுக்கொள்கிறது. எழுத்து மங்கினால் அது விளக்கை அருகே இழுக்கிறது, அல்லது தான் அதனருகே குனிகிறது. தலைமயிர் பொசுங்கும் மணத்தை அறியாத வீடு அக்காலத்தில் இருந்திருக்காது.

இந்த விதி தரும் நன்மையும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வெளிச்சத்துக்காக நெருங்க நெருங்கச் சுடரும் எண்ணெய்யும் நெருங்குகின்றன. வெற்றுப் போத்தலில் செய்த விளக்கு எளிதில் சரியும், சரிந்தால் உருளும், உருண்டால் எண்ணெய் சிந்தும். எமது நாட்டின் வைத்தியசாலைகளில் எரிகாயங்களுக்கு இது நீண்டகாலம் ஒரு பெருங்காரணமாயிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர குட்டையான, பாரமான, பக்கங்கள் தட்டையான, திருகு மூடியுடைய கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்து மலிவு விலையில் பரப்பியதும், அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றதும் இதனாலேயே. அவர் சுடரைப் பெரிதாக்கவில்லை. ஒரு கண்டெலா ஒரு கண்டெலாவாகவே இருந்தது. அருகே வைத்துக்கொள்ளக் கூடியதாக அதை மாற்றினார்.

இந்தக் கணக்கு மின்குமிழ் வாங்குவோருக்கும் பயன்படும். வாற்று ஒளியின் அலகன்று, விளக்கு விழுங்கும் மின்வலுவின் அலகு. இழை மின்குமிழ் மாத்திரம் இருந்த காலத்தில் 60 வாற்று என்றால் 700 அல்லது 800 லூமன் என எல்லோரும் பழகியிருந்தமையால், வாற்றே வெளிச்சத்தின் பெயரானது. இன்று 9 வாற்று எல்.ஈ.டி. குமிழே 800 லூமன் தருகிறது. அதை 12.57ஆல் வகுத்தால் 64 மெழுகுதிரி. பெருந்தொகைதான். ஆனால் அது கூரையில், மேசைக்கு இரண்டு மீற்றர் உயரத்தில் தொங்குமாயின் நேரே வந்து விழுவது 64ஐ 4ஆல் வகுத்த 16 லக்ஸ். குமிழின் ஒளி முழுவதும் கீழ்நோக்கியே வருகிறது எனக் கொண்டாலும் 32. வெள்ளைச் சுவர்கள் திருப்பியனுப்பும் ஒளி இன்னுஞ் சிறிது கூட்டும். மாறாக, 400 லூமன் தரும் 5 வாற்றுக் குமிழைக் கவிழ்த்த மூடியுடைய மேசை விளக்கில் இட்டு, புத்தகத்துக்கு 40 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தால் ஏறக்குறைய 400 லக்ஸ் கிடைக்கும். மூடி சிறிது ஒளியை உறிஞ்சிக்கொண்டாலும் 300க்குக் குறையாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கெனக் கூரையில் மேலும் மேலும் பெரிய குமிழ்களை மாட்டும் பெற்றோர் மின்கட்டணத்தைக் கூட்டிக்கொள்கின்றனரே தவிர, புத்தகத்தின் வெளிச்சத்தை அவ்வளவாகக் கூட்டவில்லை.

'பத்து இலட்சம் மெழுகுதிரி வலு' என விளம்பரப்படுத்தி விற்கப்படும் கைவிளக்குகளையும் இக்கணக்கால் அளக்கலாம். அது பொய்யாக இருக்க வேண்டுமென்பதில்லை. 1,000 லூமன் ஒளியை இரண்டு பாகை அகலமுள்ள ஒடுங்கிய கற்றையாகக் குவித்தால், அக்கற்றையின் திசையில் வலு உண்மையாகவே பத்து இலட்சம் கண்டெலா ஆகிவிடும். மொத்த ஒளியோ எட்டு அல்லது ஒன்பது ரூபத்தில் நாம் அறிந்த அதே வீட்டுக் குமிழினதைவிடச் சற்றே அதிகம். தூரத்திலுள்ள படகைத் தேட அது உதவும். முற்றம் முழுவதற்கும் வெளிச்சம் தராது. பெட்டியில் லூமன் எழுதப்படாமல் மெழுகுதிரி வலு மாத்திரம் எழுதப்பட்டிருந்தால் வாங்குபவர் கேட்க வேண்டிய எண் இன்னொன்று உண்டு என்பதே பொருள்.

விளக்கிலிருந்து வரும் ஒளியன்றி, பரப்பொன்று கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தோன்றுகிறது என்பதற்கு லம்பேட், அடி-லம்பேட், நிற் என வேறு அலகுக் குடும்பமொன்று இருக்கிறது. கைத்தொலைபேசித் திரைகளுக்குக் கூறப்படும் நிற் என்பது சதுர மீற்றருக்கு ஒரு கண்டெலா. ஓர் அடி-லம்பேட் 3.426 நிற். பெயர் ஒத்திருப்பதால் இதை அடி-மெழுகுதிரியுடன் குழப்பிக்கொள்ளலாகாது. பத்து அடி-மெழுகுதிரி ஒளி விழும் வெள்ளைக் கடதாசி அதில் எண்பது வீதத்தைத் திருப்பியனுப்பினால் எட்டு அடி-லம்பேட்டாகத் தோன்றும். அதே ஒளியில் கறுப்புத் துணி ஒன்றுக்கும் குறைவாகத் தோன்றக் கூடும்.

மாற்றியபின் எண்ணை எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பதிலும் பலர் இடறுகின்றனர். பழைய நூலொன்று ஒரு வகுப்பறைக்கு 30 அடி-மெழுகுதிரி வேண்டும் என்றால், கணிப்பான் 322.9 லக்ஸ் எனக் காட்டும். அதை அப்படியே எழுதுவது, 30 என எழுதியவர் கருதியிராத துல்லியத்தை அவர் மீது சுமத்துவதாகும். அவர் 29.5 என்றோ 30.5 என்றோ அளந்து பார்க்கவில்லை. 300 என எழுதினால் அவர் கூறியதையே கூறியதாகும். நியமங்களை வகுத்தோரும் இவ்வாறே செய்தனர். ஒளியால் எளிதில் மங்கும் கையெழுத்துப் பிரதிகள், துணிகள், நீர்வர்ண ஓவியங்கள் என்பவற்றுக்கு அருங்காட்சியகங்கள் 5 அடி-மெழுகுதிரி என்றும் 50 லக்ஸ் என்றும் ஒரே வரம்பை இரு மொழிகளில் கூறுகின்றன. கணக்கின்படி 5 அடி-மெழுகுதிரி 53.8 லக்ஸ். அந்த 3.8ஐப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அவர்களின் கவலை, அந்த ஒளி ஆண்டுக்கு எத்தனை மணித்தியாலம் விழுகிறது என்பதிலேயே.

பெற்றோமக்ஸ் கணக்கு இன்னும் முடியவில்லை. 500 ஹெப்னர் மெழுகுதிரியை 0.9ஆல் பெருக்கினால் 450 கண்டெலா. கலப்படமற்ற எண்ணெய்யும் புதிய மென்டிலும் போதிய காற்றமுக்கமும் இருந்து, விளக்கு எழுதியபடியே எரிந்தது எனக் கொள்வோம். பந்தலின் நடுவில் தொங்கும் அவ்விளக்கிலிருந்து மூன்று மீற்றர் தூரத்தில் பாயில் அமர்ந்திருப்பவருக்குக் கிடைப்பது 450ஐ 9ஆல் வகுத்தது, அதாவது 50 லக்ஸ். அருங்காட்சியகத்தில் பழைய சுவடியொன்றின் மீது விழவிடும் அதே அளவு. ஊர் முழுவதும் கூடிய இரவில் எமக்கு அது பட்டப்பகலாகத் தோன்றியது.